அப்பா சமையல் கற்றுக்கொண்டது யாருக்காக

பெரம்பலூர்,
17.05.2025, சனிக்கிழமை.

அன்புத் தம்பி அறிவரசனுக்கு,

எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் திடீரென்று நல்லவராக மாறினால், உடன் இருப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? உன் மச்சானிடம் கேட்டேன். "நல்லது நடந்தா அனுபவிச்சிட்டுப் போவியா, அதுக்கும் ஆதாரம் கேப்பியா" என்றார். அவர் சுபாவம் அது. என் சுபாவம் உனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் தாங்க முடியவில்லை. சக்தியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மெல்போர்னில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். போனில் சொல்லாமல் அக்கா ஏன் பக்கம் பக்கமாக மின்னஞ்சல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அவர் முன்னால் பேச முடியாது. எழுதினால் எனக்கும் கொஞ்சம் நிதானம் வருகிறது. முழுவதையும் படித்துவிட்டு, நாளைக் காலையில் அப்பாவிடம் நீ பேச வேண்டும். அவர் செய்யப்போகிற ஒரு காரியத்தைத் தடுக்க வேண்டும். அது என்ன என்று வரிசையாகவே சொல்கிறேன்.

அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் என்னிடம் வந்தார்கள். போன ஆடியில் அம்மா போன பிறகும் அப்பா இங்கேயே இருந்துவிட்டார். எப்படி இருந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் டூட்டி முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்ததும் "தண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்வாரே, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஓய்வு பெற்ற பிறகும் வாழ்ந்தார். நான் அம்மாவுக்குப் படுக்கைத்துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது கூட வாசற்படியில் நின்று "தண்ணி" என்றிருக்கிறார்.

அந்த மனிதர் பங்குனி மாதத்தில் ஒருநாள் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் தற்செயல் என்று நினைத்தேன். மறுநாளும் கழுவினார். அடுத்து, நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெங்காயம் கண்ணில் பட்டுத் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு, குழம்புக்கு எப்போது புளி ஊற்றுவது, முன்னாலா பின்னாலா என்று கேட்டார். சோறு குழைய வேண்டும் என்றால் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று கேட்டார். "குழைஞ்ச சோறு உங்களுக்குப் பிடிக்காதே" என்றேன். "தெரிஞ்சு வச்சிக்கிறதுல தப்பு இல்லையே" என்றார்.

இதோடு நின்றிருந்தால் நானும் உன் மச்சான் சொன்னதைக் கேட்டிருப்பேன். ஒருநாள் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்தேன். பின்கட்டில் அப்பா அரிசி மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, கட்டிலில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைத் தூக்கி நாற்காலிக்கு மாற்றினார். என்னைப் பார்த்ததும் மூட்டையின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "உடம்புக்கு ஒரு எக்சசைஸ்" என்றார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. எந்த டாக்டரும் இப்படி ஓர் எக்சசைஸ் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் நோய் என்றுதான் சந்தேகப்பட்டேன். ஏதோ பெரியதாக வந்திருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார், அதனால்தான் இந்தப் பணிவு என்று. அவர் வெளியே போயிருந்தபோது மருந்துப் பெட்டியைப் பார்த்தேன். பழைய பிரஷர் மாத்திரைதான் இருந்தது. அடுத்து, கல்யாண மண்டபங்களில் நடக்கும் இந்த வாழ்க்கைப் பயிற்சி வகுப்பு எதிலாவது சேர்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன். எங்கள் கல்லூரியிலேயே ஒருவர் அப்படிப் போய் வந்து பியூனின் காலில் எல்லாம் விழுந்தார். அதுவும் இல்லை. பிறகு ஊர் வீட்டுச் சாவி ஆணியில் இல்லாததைக் கவனித்தேன். கேட்டதற்கு, "கூரை ஒழுவுதான்னு பாக்கணும்" என்றார். சித்திரை வெயிலில் கூரை எப்படி ஒழுகும்? அவர் வேட்டியின் ஓரத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்ததை நானே துவைக்கும்போது பார்த்தேன். வீட்டை விற்கப்போகிறார், அதற்காகப் பூசி மெழுகுகிறார் என்று முடிவு செய்தேன். அதைப் பற்றி உனக்கு எழுத நினைத்தபோதுதான் விசில் சத்தம் கேட்டது.

அப்பாவுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு போன் வரும். எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார். ஒருநாள் துணி எடுக்கப் போனபோது அவர் பேசுவது காதில் விழுந்தது. "சாப்டியா?" என்று கேட்டார். போனிலிருந்து இரண்டு விசில் வந்தது. "மாத்திர போட்டியா?" என்றார். ஒரு விசில். "ஏன் போடல? இப்ப போடு. நான் புதன்கிழம வரேன்" என்றார். இரண்டு விசில். "ரைட்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் துணியை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அப்பாவின் போனை ஒட்டுக்கேட்பது அழகில்லைதான்.

இந்தப் புதன்கிழமை எனக்கு அரியலூரில் விடைத்தாள் திருத்தும் வேலை. மதியமே முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், அப்பா கையில் ஒரு துணிப்பையோடு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். அந்தப் பாதையில் அவருக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். கீழப்பழுவூரில் கண்டக்டர் மாமா வீடு. நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

தங்கராசு மாமாவை உனக்கு நினைவிருக்கும். பெரம்பலூர் அரியலூர் வழித்தடத்தில் அப்பா டிரைவர், அவர் கண்டக்டர். இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே டூட்டி. ஒருவர் சாப்பாட்டை மற்றவர் பிடுங்கித் தின்பார். அதெல்லாம் வண்டிக்குள் மட்டும்தான். அவர்கள் ஊர்த்தெருக்காரர்கள், நிலம் வைத்திருந்தவர்கள். நாம் காலனி. அவர் மகன் சுரேஷ்குமாரின் காதுகுத்துக்கு நம்மையும் அழைத்தார்கள். நீ அம்மா இடுப்பில் இருந்தாய், உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எல்லோருக்கும் பந்தலில் பந்தி. நமக்கு மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பாய் போட்டிருந்தது. நாம் சாப்பிட்டு முடிக்கும் வரை கண்டக்டர் மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்மோடு உட்காரவும் இல்லை, பந்தலுக்கு வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு அம்மா அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. "அவங்கம்மா இருக்குற வரைக்கும் அப்பிடித்தான், தங்கராசு என்ன செய்வான்" என்று அப்பா சொல்வார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் அப்பா அந்த வீட்டில் வாசலில் நின்றுதான் பேசிவிட்டு வருவார்.

அந்த வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது கதவு திறந்திருந்தது. கூடத்தில் கட்டிலின் ஓரத்தில் கண்டக்டர் மாமா உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. முகம் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. கழுத்தில் தாலிக்கயிறு போல ஒரு நூல், அதில் பழைய விசில். எதிரில் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குழைந்த சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் இடது கையால் அவர் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்வேன். அப்பா வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறார் போல.

மருமகள் அனிதா வந்து, "உள்ள வாங்க மேடம், ஏன் அங்கேயே நிக்கிறீங்க" என்றாள். படித்த பெண். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். எது கேட்டாலும் அழுகையும் கோபமுமாக இருந்தவருக்கு அப்பாதான் விசிலை எடுத்துக் கையில் கொடுத்தாராம். ஒரு விசில் என்றால் வேண்டாம், இரண்டு என்றால் சரி. வாயின் இடது ஓரத்தில் வைத்து ஊதுகிறார். இருவருக்கும் வேறு பாஷை தேவைப்படவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அனிதா மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு குவைத் விசா வந்துருச்சு மேடம். பிள்ளைங்கள அங்கேயே ஸ்கூல் சேக்கணும்னு அவுங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மாமாவ என்ன பண்றதுன்னு தூக்கமே இல்ல. ஐயாதான், நீ போயிட்டு வாம்மா, தங்கராசு என்கூட இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. அவரு இல்லேன்னா நாங்க முதியோர் இல்லம்தான் பாத்திருக்கணும்."

யோசித்துப் பார் தம்பி. பெற்ற மகன் குவைத்தில். மருமகள் விமானம் ஏறப்போகிறாள். அந்த வீட்டில் பீ அள்ளவும் சோறு ஊட்டவும் ஓர் ஆள் வேண்டும். யார் கிடைத்தார்? மாட்டுக் கொட்டகைப் பக்கம் பாய் போட்டு உட்காரவைத்தார்களே, அவர். அன்றைக்கு நம் கை பட்டால் ஆகாது. இன்றைக்கு நம் கைதான் வேண்டியிருக்கிறது. இதை நட்பு என்று சொல்லலாம். நான் வரலாறு படித்தவள், இதற்கு வேறு பெயர்களும் எனக்குத் தெரியும்.

அப்பா என்னைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை. "வந்துட்டியா. மோரு இருக்கு, குடி" என்றார், அந்த வீடு அவருடையது போல. நான் குடிக்கவில்லை.

இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அரியலூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏன் இந்த வயதில் இதெல்லாம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே முடிவு செய்துகொள். "வயசாவுறது ஒன்னும் பெரிய விஷயம் இல்ல பாப்பா. வண்டிக்கும்தான் வயசாவுது. வருசா வருசம் எஃப்சிக்கு விடுறப்ப பிரேக் பாத்து, லைட்டு மாத்தி, பெயிண்ட் அடிச்சுக் கொண்டு போறோம்ல. மனுசன் மட்டும் நான் அப்பிடித்தான்னு நின்னா எப்பிடி? நானும் எஃப்சிக்கு ரெடியாவுறேன்னு வச்சிக்க." கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: "டிரைவருக்கு ரோடுதான் கண்ணுல இருக்கும். யாரு ஏறுனா, யாரு எறங்குனா, யாரு நின்னுக்கிட்டே வரான்னு கண்டக்டருக்குத்தான் தெரியும். வூட்டுலயும் நான் டிரைவராவே இருந்துட்டேன். ஒங்கம்மா கண்டக்டரா இருந்தா."

நன்றாகப் பேசுகிறார் இல்லையா? அதுதான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது. நான் நேராகவே கேட்டேன்: "அம்மா கிடந்தப்ப இதுல ஒரு வேலையாவது செஞ்சீங்களா? ஒரு டம்ளர் தண்ணி?" பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ செஞ்சிக்கிட்டு இருந்த" என்றார். பிறகு, "கிட்ட வந்தா தள்ளிக்கங்கப்பா, ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுவ. தெரியாதுதான். அப்ப கத்துக்கிட்டிருக்கணும்" என்றார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமலேருந்து நான் தங்கராசு கூடத்தான் இருக்கப் போறேன். நீ தடுக்காத." பையை அன்றைக்கே அடுக்கிவிட்டார். நாளைக் காலை கிளம்புகிறார்.

பெண் வீட்டில் இருக்கும் அப்பா ஒருநாள் கிளம்பிப் போனால் ஊர் என்னைத்தான் சொல்லும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர் யார் வீட்டுக்குப் போகிறார் என்பதுதான் என் கவலை. அந்தக் கூடத்தில் அவர் ராத்திரி எங்கே படுப்பார்? அவர்கள் பங்காளிகள் வந்து போகும்போது அவரை யார் என்று சொல்வார்கள்? டிரைவர் என்றா, கூட்டாளி என்றா, வேலைக்கு வைத்திருக்கிறோம் என்றா? நான் கேட்டால் படித்த திமிர் என்று நினைப்பார். நீ மகன். நீ சொன்னால் நிற்பார். தயவுசெய்து நாளைக் காலை போன் செய். இந்த வயதில் அவர் யாருடைய வாசலிலும் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா
வெற்றிச்செல்வி


பெரம்பலூர்,
18.05.2025, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி,

நீ போன் செய்தபோது நாங்கள் வண்டியில் இருந்தோம், சிக்னல் இல்லை. நீ திரும்பத் திரும்ப முயற்சி செய்திருப்பது சாயங்காலம்தான் தெரிந்தது. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அப்பா பையை எடுத்துக்கொண்டு, "கார்ல கொண்டு வந்து வுடுறியா" என்று கேட்டார். வழியில் பேசி மனதை மாற்றலாம் என்று நினைத்து நானும் கிளம்பினேன். குன்னம் வந்ததும் நம் ஊர்ப் பாதையில் திருப்பச் சொன்னார். எதையோ எடுத்துக்கொண்டு கீழப்பழுவூர் போவார் என்று இருந்தேன். நம் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டின் கதவு திறந்து கிடக்கிறது. வாசல் படிகளை உடைத்துச் சரிவாகச் சிமெண்ட் போட்டிருக்கிறார். கழிவறையில் உட்காரும் வகைப் பீங்கான், சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். கூடத்தில் இரண்டு கட்டில், இரண்டு மின்விசிறி. பக்கத்து வீட்டு மலர்கொடி அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி தெரியாத மாதிரி முழிக்கிற? வேல நடந்து ஓஞ்சு போச்சு. ஒங்கப்பன் கண்டக்டரக் கூட்டியாந்து வச்சிக்கப் போறாராம்" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "நீங்க அங்க போறீங்கன்னுல்ல நினைச்சேன்" என்றேன். "அங்க எதுக்கு நான் போறேன்? எனக்கு வூடு இல்லையா?" என்றார்.

அவர் புதன்கிழமை சொன்னதும் அதுதான், அனிதா சொன்னதும் அதுதான். இருவரும் ஒளிக்கவில்லை. நாம் அவர்கள் வாசலுக்குப் போவதைத் தவிர, அவர்கள் நம் வாசலுக்கு வருவார்கள் என்று என் புத்திக்கு ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

சோறு வடித்து, பருப்பு கடைந்து முடிக்கும் நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நடராசன், கண்டக்டர் மாமாவின் பெரியப்பா மகன். வண்டியை விட்டு இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணனுக்கு இங்க சரிப்படாதுங்க. தண்ணி ஒத்துக்காது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி கிட்ட இல்ல. நாங்க எல்லாரும் பேசிட்டோம். நீங்களே அங்க வந்து இருங்க. பின்பக்க ரூமு காலியாத்தான் கெடக்கு. சும்மா வேணாம், மாசாமாசம் சம்பளமே போட்டுத் தந்துடறோம்."

தெருவில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "சம்பளத்துக்கு வண்டி ஓட்டுனதெல்லாம் ரிட்டயர்டு ஆயிருச்சுங்க. இப்ப பென்சன் வருது" என்றார். நடராசன் சிரிக்கப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. "தங்கராசு வேணாம்னான்னா சரி. அவன்ட்ட கேட்டீங்களா?" என்றார்.

"அண்ணனுக்குப் பேச்சே இல்ல, அவருட்ட என்னத்தக் கேக்கறது" என்றார் நடராசன்.

"கேளுங்க, சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து, "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினார். "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லி நடராசன் வண்டியைக் கிளப்பினார்.

வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், இப்போது படுக்கையில் கிடந்துகொண்டு என்ன செய்துவிடப் போகிறார் என்றேன். அப்பா சோற்றுப் பானையைத் துணியால் மூடி வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னைச் சாப்பிடச் சொன்னார், அவர் சாப்பிடவில்லை. மதியம் சாய்ந்தது. தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மலர்கொடி அத்தை மட்டும் வந்து, அப்பாவைப் பெயர் சொல்லி, "வுடு செல்லக்கண்ணு, அவுங்க வகையறா அப்பிடித்தான். நீ எந்திரிச்சுச் சாப்புடு" என்றாள். அப்பா எழுந்திருக்கவில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும்: அந்த நேரத்தில், அவர் கீழப்பழுவூருக்கே போயிருக்கலாமோ என்று கூட எனக்குத் தோன்றிவிட்டது. அப்படி இருந்தது அவர் முகம்.

வெயில் தணிந்த பிறகு ஒரு ஆம்னி வேன் வந்தது. அனிதா முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கண்டக்டர் மாமா, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு. காலையில் பங்காளிகள் பேசி முடித்ததும், அவருக்கு ஊட்ட வந்த தட்டை இடது கையால் தள்ளிவிட்டாராம். மதியமும் தள்ளிவிட்டாராம். அந்தக் கையாலேயே ஆணியில் தொங்கிய சட்டையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "போட்டு வுட்டா ஏறி வந்துட்டாரு" என்றாள் அனிதா. நடராசன் அவளிடம் என்ன பேசினார், அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கண்கள் வீங்கியிருந்தன.

அப்பா வேனுக்குள் தலையை விட்டு, "என்ன கண்டக்டரே, லேட்டு" என்றார். கட்டிப்பிடித்துத் தூக்கினார். அரிசி மூட்டை அளவுக்குச் சுலபமாக இல்லை. இரண்டு பேரும் தள்ளாடினார்கள். நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். "தள்ளிக்க பாப்பா, எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. நான் தள்ளிக்கொண்டேன்.

கட்டிலில் உட்காரவைத்து, சோற்றைக் கரைத்து ஊட்டினார். மாமா முழுவதும் சாப்பிட்டார். வழிந்ததை அப்பா துண்டால் துடைத்தார். நம் வீட்டில், நம் சமையல், நம் தட்டில். சாப்பிட்டுக்கொண்டே மாமா அழுதாரா, அந்த முகம் இழுத்திருப்பதால் அப்படித் தெரிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அனிதா கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "எனக்கும் போடுங்க மேடம், காலைலேருந்து ஒன்னும் சாப்புடல" என்றாள். போட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பசியா, மரியாதையா, விமானம் ஏறும் அவசரத்தில் எங்களை நன்றாக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றும் இருக்கலாம். போகும்போது மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்பாவின் காலைத் தொட வந்தபோது அப்பா பின்னால் நகர்ந்துவிட்டார்.

இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. நடராசன் சும்மா இருக்க மாட்டார். அப்பாவுக்கும் வயது இறங்கப் போவதில்லை. சுரேஷ்குமார் குவைத்திலிருந்து இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குச் செய்யாததை இவருக்குச் செய்கிறார் என்ற கோபமும் எனக்கு முழுவதும் போகவில்லை. அதை நான் அப்பாவிடம் மறைக்கவும் போவதில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். இருவரையும் பார்ப்பேன்.

உன்னிடம் நேற்று தடுக்கச் சொன்னேன். இன்று வேறு ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை நீ வரும்போது திருச்சியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வராதே. சக்தியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதலில் அங்கே போ. அப்பா சமைத்ததைச் சாப்பிடு. உப்பு கூடத்தான் இருக்கும், சொல்லாதே.

நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இருட்டுவதற்குள் கிளம்பச் சொன்னார் என்று கிளம்பினேன். நான் எப்போது எங்கே கிளம்பினாலும் கார் திரும்பும் வரை அப்பா வாசலில் நிற்பார், உனக்குத் தெரியும். இன்று வரவில்லை. உள்ளே மாமாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் வெளியிலிருந்தே போய்வருகிறேன் என்று சொன்னேன். "சரி, பாத்துப் போ" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அன்புடன்,
அக்கா
வெற்றிச்செல்வி